கண் டெஸ்ட் இலவசம், கண்ணாடிக்குக் காசு

மூக்குக்கண்ணாடிக்காக ஒரு மந்திரி பதவியை உதறிய கதை தெரியுமா? 1951 ஏப்ரலில் லண்டனில் நடந்தது. உதறியவர் அனைரின் பெவன். வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, 13 வயதில் தானும் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுகாதார அமைச்சராக இருந்து 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். எனும் பொது மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தவர். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி, பல் செட், கண்ணாடி எல்லாம் கையில் காசில்லாதவனுக்கும் கிடைக்கும் என்பதுதான் அதன் ஆதாரமே. மூன்று வருஷம் முழுதாக முடியவில்லை. நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கல் தன் பட்ஜெட்டில், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் ஏறக்குறையப் பாதி விலையை மக்களே கட்டட்டும் என்றார். பெவன் வெளியேறினார். கூடவே ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் போனார்கள். இந்த வில்சன்தான் 1964-ல் பிரதமரானவர்.

அந்தக் கட்டணத்தால் முதல் வருஷம் அரசுக்கு மிச்சமாகும் என்று போட்ட கணக்கு 130 லட்சம் பவுண்ட். அதே சமயத்தில், கொரியப் போரை ஒட்டி மூன்று வருஷத்துக்கு ராணுவத்துக்கென்று திட்டமிட்டிருந்தது 470 கோடி பவுண்ட். பெவனுக்கு ஏன் கோபம் வந்தது என்று இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

பழைய அரசியலை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அந்தச் சண்டை முடியவே இல்லை. கிழக்கு லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் பக்கம் எந்தக் கண்ணாடிக் கடைக்குள் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் அதன் மிச்சத்தைக் காதால் கேட்கலாம்.

அன்ரி கேட்ட கேள்வி

எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. இங்கிலீஷ் புரியும், ஆனால் ஃபாரம் என்றால் அவருக்கு ஆகாது. அந்த வேலைக்கு நான் துணை. கண் டெஸ்டுக்குப் போயிருந்தோம். உள்ளே எல்லாம் நல்லபடி முடிந்தது. காசு கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். வெளியே வந்து ஃப்ரேம் பார்த்து, லென்ஸுக்கும் சேர்த்து அந்தப் பெண் கணக்குச் சொன்னபோது அன்ரி என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கண் பாக்கிறது சும்மா எண்டுதானே சொன்னவை. இப்ப என்னத்துக்குக் காசு கேக்கினம்?”

“பாக்குறது ஃப்ரீதான் அன்ரி. போடுறதுக்குத்தான் காசு.”

“பாத்துப்போட்டு, உனக்குக் கண் தெரியேல்லை எண்டு சொல்லுறதுக்கு மட்டுமோ அரசாங்கம் காசு குடுக்குது?”

கடைக்காரப் பெண் மீது தப்பில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 60 வயது ஆனால் கண் பரிசோதனை இலவசம். கண்ணாடிக்கு உதவி வேண்டுமென்றால் வயது போதாது. வருமானம் குறைவு என்று காட்ட வேண்டும். இவை இரண்டு வெவ்வேறு வாசல்கள். ஒன்றுக்குள் நுழைந்தவர்கள் மற்றதும் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்ரியும் அப்படித்தான் நினைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே அன்ரி சர்க்கரை மாத்திரை வாங்க ஃபார்மசிக்குப் போனால் ஒரு பென்னிகூடத் தர வேண்டாம். இங்கிலாந்தில் 60 தாண்டியவர்களுக்கு டாக்டர் எழுதும் மருந்து இலவசம். பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காது கேட்கவில்லையா? என்.எச்.எஸ். காது மெஷின் தருகிறது, பேட்டரியும் தருகிறது. கோடீஸ்வரர் போய்க் கேட்டாலும் தரும். கண்புரை முற்றிவிட்டதா? ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்து அனுப்பும், இலவசமாக. ஆபரேஷனுக்குப் பிறகு படிப்பதற்கு ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும். அங்கேதான் கல்லாப் பெட்டி திறக்கிறது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வைத்தியம், கண்ணுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி வைக்கிற லென்ஸ் வியாபாரம்!

யாருக்கு எது கிடைக்கும்

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் காரியத்துக்கு வருவோம். கீழே சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

கண் டெஸ்ட் மட்டும் இலவசமாகக் கிடைப்பவர்கள்:

- 60 வயதானவர்கள்
- சர்க்கரை நோய் உள்ளவர்கள், எந்த வயதானாலும்
- கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவர்கள்
- அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் யாருக்காவது கிளாக்கோமா இருந்து, தனக்கு 40 வயது ஆனவர்கள்
- பார்வையற்றவர், பார்வை குன்றியவர் என்று பதிவு செய்தவர்கள்

டெஸ்டும் இலவசம், கண்ணாடிக்கு வவுச்சரும் கிடைப்பவர்கள்:

- 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். முழுநேரம் படிப்பவர்களானால் 18 வரை
- பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி கிரெடிட் எனும் பகுதி, வருமானத்தை வைத்துத் தரும் வேறு சில உதவித்தொகைகள் வாங்குபவர்கள்
- யூனிவர்சல் கிரெடிட் வாங்கி, கடைசி மாதக் கணக்கில் சம்பாதித்தது 435 பவுண்டுக்கு மேல் போகாதவர்கள். பிள்ளைகளுக்கான தொகையோ, உடல்நிலையால் வேலை செய்ய இயலாமைக்கான தொகையோ சேர்ந்திருந்தால் இந்த வரம்பு 935 பவுண்ட்
- குறைந்த வருமானத் திட்டத்தில் எச்.சி.2 சான்றிதழ் பெற்றவர்கள், எச்.சி.3 என்றால் ஒரு பகுதி உதவி

இவை தவிர, பத்து டயாப்டரோ அதற்கு மேலோ பவர் உள்ளவர்களுக்கு, நம் ஊரில் சோடாபுட்டி என்று கேலி செய்வோமே, அவர்களுக்கு, வருமானம் பார்க்காமல் ஒரு சிறு தொகை உண்டு.

பட்டியலில் இரண்டு விஷயத்தை நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ஒன்று, சர்க்கரை. தெற்காசியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்களைக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் எடுக்க என்.எச்.எஸ். கூப்பிடும். அதற்குப் போய் வந்துவிட்டு, “கண் செக்கப் முடிஞ்சிருச்சு” என்று இருந்துவிடுகிறார்கள். அது வேறு, கண்ணாடிக் கடையில் செய்யும் டெஸ்ட் வேறு. படம் எடுக்கிற இடத்தில் உங்கள் கண்ணாடியின் பவர் சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் போக வேண்டும், இரண்டும் இலவசம்.

இன்னொன்று கிளாக்கோமா. ஊரில் இருக்கும் அப்பாவுக்குக் கண் அழுத்தம் என்று சொல்லிச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பார். மகனுக்கு இங்கே 42 வயது. வருஷா வருஷம் காசு கட்டி டெஸ்ட் செய்துகொள்வான். அப்பாவின் நோயைக் கடையில் சொன்னால் அந்தக் காசு மிச்சம். காசை விடுங்கள். பரம்பரையாக வரக்கூடிய, வலிக்காமல் பார்வையைத் தின்கிற நோய் அது. டெஸ்ட் செய்பவருக்குத் தெரிந்தால்தானே கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்?

இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்துறை அமைச்சகத்தின் உதவித்தொகையில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 சான்றிதழ் தானாகவே வரும். கடிதக் கட்டுக்குள் அது எங்காவது கிடக்கும். அதைப் பல்லுக்கும் மருந்துக்கும் பயன்படுத்துபவர்கள் கண்ணாடிக்கும் செல்லும் என்று தெரியாமல், பிளந்த ஃப்ரேமைச் செலோடேப் ஒட்டிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வவுச்சர் எப்படி வேலை செய்கிறது

வவுச்சர் என்றால் கூப்பன்தான். கடைக்காரர் கொடுக்கும் ஜி.ஓ.எஸ்.3 எனும் ஃபாரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தத் தொகையைக் கடைக்காரர் என்.எச்.எஸ்-இடம் வாங்கிக்கொள்வார். உங்கள் கைக்குக் காசு வராது. தொகை எவ்வளவு என்பதை உங்கள் பவர் முடிவு செய்யும். ஏ-யிலிருந்து எச் வரை எட்டுப் படிகள். ஆறு டயாப்டர் வரையான சாதாரண ஒற்றைப் பவருக்கு ஏ. அதற்கு மேல் பவர் ஏற ஏற பி, சி, டி. பைஃபோக்கலுக்கு இ முதல் எச் வரை.

ஏ படியின் தொகை 39.10 பவுண்ட் என்று பல வருஷம் அசையாமல் நின்றது. அதே காலத்தில் மேல்படியான எச்-சுக்கு 215.50. அதற்குப் பிறகு கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த இடைப்பட்ட வருஷங்களில் வாடகை ஏறியது, கரண்ட் பில் ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது. 39.10 மட்டும் மைல்கல் மாதிரி அங்கேயே இருந்தது. ஒரு சலுகையை ரத்து செய்தால் ஊர் கூடிச் சத்தம் போடும். தொகையை ஏற்றாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாமல் அது தானே இளைத்துப் போகும்.

இந்தத் தொகைக்குள் கண்ணாடி கிடைக்குமா என்றால், கிடைக்கும். பெரிய கடைகளில் வவுச்சர் தொகைக்கே முடியும்படி ஒரு வரிசை ஃப்ரேம் வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு நிச்சயமாக. ஆனால் எல்லாக் கடையும் அப்படி வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வவுச்சர் வாங்கும் கடையா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மேலே போகும் பணத்தை நாம்தான் கட்ட வேண்டும். மெல்லிய லென்ஸ் வேண்டும், கண் கூசாமல் இருக்கக் கோட்டிங் வேண்டும் என்றால் அதெல்லாம் நம் பாக்கெட்டிலிருந்துதான். மைனஸ் எட்டு பவர் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளையின் அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மெல்லிய லென்ஸுக்குக் காசு கட்டாவிட்டால், பிள்ளை கனத்த விளிம்போடு வகுப்பில் போய் உட்காரும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. 16 வயதுக்குள் கண்ணாடி உடைந்தாலும் தொலைந்தாலும் சரிசெய்யவோ மாற்றவோ வவுச்சரிலேயே கேட்கலாம். பெரியவர்களுக்கு இது கிடைப்பது அரிது. நோயினால் விழுந்து உடைந்தது என்பது போன்ற காரணம் வேண்டும். பிள்ளைகளுக்கு இவ்வளவு தாராளம் ஏன்? காரணம் வைத்தியம்தான். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்து அதைச் சரிசெய்யாமல் விட்டால், மூளை அந்தக் கண் அனுப்பும் படத்தை ஒதுக்கப் பழகிவிடும். ‘சோம்பேறிக் கண்’ என்பது அதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும். பிறகு என்ன பவரில் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தேறுவது கஷ்டம். அதனால்தான் இங்கே பள்ளியில் சேரும் நாலைந்து வயதிலேயே கண்ணைப் பார்க்கிறார்கள்.

ஆறு பென்ஸ் கண்ணாடியிலிருந்து

என்.எச்.எஸ். வருவதற்கு முன்னால் இங்கே ஏழைகள் கண்ணாடி வாங்கிய இடம் வூல்வர்த் கடை. தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்து, எது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதை ஆறு பென்ஸுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். மதுரையில் எங்கள் தாத்தாவும் டவுன்ஹால் ரோட்டுப் பிளாட்பாரத்தில் அப்படித்தான் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எடுத்தார். எந்த நாட்டிலும் ஏழைக்குக் கண் டாக்டர் அவனேதான்.

1948-ல் இலவசம் என்றதும் கூட்டம் அலை மோதியது. முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் போயின. அரசு போட்டு வைத்திருந்த கணக்கு தலைகீழாகப் போனது. “இலவசம் என்றால் எல்லாரும் கேட்கத்தான் செய்வார்கள்” என்று ஒரு கூட்டம் சொன்னது. “இத்தனை பேர் இவ்வளவு நாள் கண் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்” என்று இன்னொரு கூட்டம் சொன்னது. ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தீர்ப்பு. முதல் தீர்ப்புதான் 1951-ல் ஜெயித்தது.

அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் என்.எச்.எஸ். ஃப்ரேம் என்று ஒன்று இருந்தது. அரசு அங்கீகரித்த சில மாடல்கள் மட்டும். உறுதியாக இருக்கும், அழகு என்று சொல்ல முடியாது. போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் படுத்தி எடுத்திருக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த, ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் அந்தக் கதை ஒன்று இருக்கும். பீட்டில்ஸ் ஜான் லெனன் வட்டக் கண்ணாடி போட்ட பிறகு அந்த ஒரு வடிவத்துக்கு மட்டும் திடீர் மவுசு வந்தது.

தாட்சர் ஆட்சியில் எல்லாம் மாறியது. 1985 ஏப்ரலில் பெரும்பாலானவர்களுக்கு என்.எச்.எஸ். கண்ணாடி நிறுத்தப்பட்டது. கண்ணாடி விற்பனை வெளிச்சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. 1986 ஜூலையில், பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் என்று வவுச்சர் வந்தது. 1989 ஏப்ரலில் கண் டெஸ்டும் பெரும்பாலானவர்களுக்குக் காசாகியது. பத்து வருஷம் கழித்து, 1999 ஏப்ரலில், லேபர் ஆட்சி 60 வயதானவர்களுக்கு டெஸ்டை மட்டும் மறுபடி இலவசமாக்கியது. கண்ணாடியைத் தொடவில்லை. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய் 2006 ஏப்ரலிலிருந்து எல்லா வயதினருக்கும் டெஸ்டை இலவசமாக்கியது. அங்கேயும் கண்ணாடிக்கு வவுச்சர்தான், அதுவும் தகுதி உள்ளவர்களுக்குத்தான்.

வவுச்சரால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளை என்று முகத்தில் முத்திரை குத்திய ஃப்ரேம் ஒழிந்தது. இன்று வவுச்சரில் வாங்கிய கண்ணாடியையும் காசு கொடுத்து வாங்கியதையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பெவன் காலத்துத் திட்டத்தில் கிடைக்காத கௌரவம் அது. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

மற்ற ஊர்களில் எப்படி

ஜெர்மனியில் 2004-ல் பெரியவர்களுக்கான கண்ணாடி உதவியைக் காப்பீட்டிலிருந்து கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்தார்கள். 2017-ல் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ ஆறு டயாப்டருக்கு மேல், அல்லது சிலிண்டர் பவர் நாலுக்கு மேல் என்றால் லென்ஸுக்கு உதவி. அங்கே கேள்வி, “உன் பார்வை எவ்வளவு மோசம்?” என்பது.

பிரான்சில் 2020 ஜனவரியிலிருந்து வேறு வழி. ஒவ்வொரு கடையும் ‘ஏ வகுப்பு’ என்று ஒரு வரிசை கண்ணாடி வைத்திருந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 17 மாடல், பிள்ளைகளுக்கு 10, ஒவ்வொன்றும் இரண்டு நிறத்தில். ஃப்ரேம் விலை 30 யூரோவைத் தாண்டக்கூடாது. அதை எடுத்தால் அரசுக் காப்பீடும் கூடுதல் காப்பீடும் சேர்ந்து முழுத் தொகையையும் ஏற்கும். வேறு ஃப்ரேம்தான் பிடித்திருக்கிறது என்றால் உங்கள் காசு. அங்கே கேள்வி, “எதைத் தேர்ந்தெடுத்தாய்?” என்பது.

பிரிட்டனில் கேள்வி, “நீ எவ்வளவு ஏழை?” என்பது. கேட்கிற கேள்வியிலேயே மனுஷன் பாதி சோர்ந்துவிடுகிறான். எச்.சி.2 சான்றிதழுக்காக எச்.சி.1 ஃபாரத்தை நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பளம், வாடகை, கவுன்சில் வரி, சேமிப்பு, வீட்டில் இருக்கும் மற்றவர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் கதவு சாத்தப்படும். சாவுச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கும் நம்மூர்ப் பெரியவர்கள் அங்கேயே அடிபட்டுப் போவார்கள். தகுதி இல்லாமல் தப்பான கட்டத்தில் டிக் போட்டால், கட்ட வேண்டியதோடு 100 பவுண்ட் வரை அபராதம் வரலாம். அந்தப் பயத்திலேயே தகுதி உள்ளவர்களும் “எதுக்கு வம்பு” என்று காசைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கண்ணாடி மருந்தா, பண்டமா?

அன்ரி கேட்டதற்கு என் பதில் இதுதான். அரசின் மனசில் 1948-லிருந்து ஒரு சந்தேகம் இருக்கிறது. மாத்திரையை யாரும் ஆசைக்கு வாங்குவதில்லை. கண்ணாடியை வாங்குவார்கள். ஃப்ரேம் ஃபேஷன், கலர், பிராண்ட். மக்கள் வரிப்பணத்தில் ஒருவர் ஃபேஷன் பண்ணுவதா? இந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் சந்தேகம் ஃப்ரேமின் மேல். தண்டனை லென்ஸுக்கு.

லென்ஸ் மருந்துதான். படித்த ஒருவர் கண்ணைச் சோதித்துக் கால் டயாப்டர் கணக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டு உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்றவருக்கு மாட்டினால் தலைவலி. சட்டமும் அப்படித்தான் நடத்துகிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பதிவு பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் கண்ணாடி விற்கக்கூடாது. கார் ஓட்ட வேண்டுமென்றால் 20 மீட்டரில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்தாக வேண்டும். கண்ணாடி போட்டால்தான் தெரியும் என்றால், போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டாயப்படுத்தும்போது மருந்து, காசு என்று வரும்போது பண்டம்.

பொருளாதாரக் கணக்கும் எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018-ல் வெளியானது. எல்லாருக்கும் வெள்ளெழுத்து. பாதிப் பேருக்குச் சாதாரணக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்தைப் பார்த்துக் கிள்ள வேண்டும், விரலுக்குக் கண் தெரிய வேண்டும் அல்லவா? இதை லண்டனில் தையல் வேலை செய்யும் பெண்ணுக்கும், கடையில் பில் போடும் ஆணுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம். இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் அந்த 935 பவுண்ட் வரம்பைவிடக் கொஞ்சம் கூட. அதனால் வவுச்சர் கிடையாது. நாற்பதைத் தாண்டிய கண்ணோடு இவர்கள் குடும்பத்தை நடத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009-ல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கும் ஏற்பாடு. நிறைகுறை ஆயிரம் பேசலாம். ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது: பார்ப்பதும் கொடுப்பதும் ஒரே வேலை. “உனக்குக் கண் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தெருவில் விடவில்லை.

என்னிடம் கேட்டால் பிரெஞ்சு வழியை ஓரளவு கடன் வாங்கலாம் என்பேன். 60 தாண்டியவர்களுக்கு மருந்து இலவசம் என்றால், அடிப்படை லென்ஸும் இலவசமாக இருக்கட்டும். ஒரு சிறு தொகைக்குள் வரும் ஃப்ரேம்களை எல்லாக் கடையும் வைத்தாக வேண்டும் என்று சொல்லட்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அவரவர் காசு. வவுச்சர் தொகையை வருஷா வருஷம் விலைவாசியோடு சேர்த்து ஏற்றட்டும். பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டச் சொல்லாமல் கண்ணைக் காட்டச் சொல்லட்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

அரசு மாறும்போது மாறட்டும். இப்போது கையில் இருப்பதையாவது விடாமல் வாங்குங்கள்.

டெஸ்ட் முடிந்ததும் பவர் எழுதிய சீட்டைக் கையில் வாங்குங்கள். கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குத் தனிக் காசு கிடையாது. டெஸ்ட் செய்த கடையிலேயே கண்ணாடி வாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கேட்டால், கண் டெஸ்டுக்கான செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். 1992-ல் வந்த விதி. ஸ்கிரீனைப் பார்ப்பதற்கென்றே தனிக் கண்ணாடி தேவை என்று எழுதியிருந்தால் அடிப்படைக் கண்ணாடியின் செலவும் கம்பெனியைச் சேர்ந்தது. எச்.ஆர். தானாக வந்து சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் மெயில் போட வேண்டும்.

பெற்றோர் பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியானவர்களா என்று ஒருமுறை பாருங்கள். வாரத்துக்குச் சில பவுண்டுதானே என்று விட்டவர்கள் நிறைய. அதில் கேரண்டி கிரெடிட் கொஞ்சம் கிடைத்தாலும் கண்ணாடி வவுச்சர், பல் வைத்தியம் எல்லாம் கூடவே வரும். அன்ரிக்கும் கடைசியில் அந்த வழிதான் திறந்தது. ஃபாரத்தை நான் நிரப்ப, “என்ர காசுக்கணக்கு முழுக்க இப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு” என்று சிரித்துக்கொண்டே டீ போட்டார்.

ஏற்கெனவே காசு கட்டிக் கண்ணாடி வாங்கிவிட்டீர்களா? வாங்கிய அன்று உங்களுக்குத் தகுதி இருந்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு எச்.சி.5 என்று ஒரு ஃபாரம். காசு கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், ரசீது கட்டாயம் வேண்டும். ஆகவே கண்ணாடிக் கடை ரசீதைக் குப்பையில் போடுவதற்கு முன் வீட்டில் யாருக்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று ஒருமுறை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இங்கிலீஷ் ஃபாரம் என்றால் பயம் என்றால், அவருக்கும் சேர்த்து.